அத்தையின் ரத்தத்தைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும்

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டில் கம்பெனி டிரெயினிங் என்றும் கம்பெனியில் காய்ச்சல் என்றும் சொல்லிவிட்டு, விடிகாலை பஸ்ஸில் பெங்களூர் போய், யாருக்கும் தெரியாமல் என் மூளையை ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தேன். செலவு 31,500 ரூபாய், எல்லாம் சீட்டுப் பணம். ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது. இரண்டரை மாதம் நன்றாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்கு ஒரு அடிப்படையும் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. எங்களைப் போல, குடும்பத்தில் ஐம்பது வயதையொட்டியே புத்தி மறைந்துபோகும் அல்சைமர் என்ற மறதி நோய் இருக்கிற வீட்டில் யாராவது இதைப் படித்தால், நான் செய்த வரிசையில் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 37. வீடு காவேரிப்பட்டணம், வேலை ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில். பிறந்த ஊர் பாலக்கோடு. அப்பா அங்கே தக்காளி மண்டியில் கணக்குப் பார்த்தவர். எத்தனை பெட்டி, என்ன ரேட், கமிஷன் போக, கூலி போக விவசாயிக்கு எவ்வளவு என்று பேனா எடுக்காமலேயே சொல்லுவார். என் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது ஒரே வீட்டுக்கு மூன்று முறை பத்திரிகை கொடுத்துவிட்டு வந்தார். "பொண்ணு கல்யாண சந்தோஷத்துல மனுஷனுக்குத் தலைகால் புரியல" என்று எல்லோரும் சிரித்தோம். அப்போது அவருக்கு வயது 48. அடுத்த வருடம் மண்டியில் ஒரே விவசாயிக்கு இரண்டு முறை பணம் கொடுத்துவிட்டார். முதலாளி திருட்டு என்று நினைத்தார், ஊர் குடி என்று சொன்னது, அம்மா யாரோ வைத்துவிட்டார்கள் என்று பூசாரியிடம் போனார். எலுமிச்சம்பழம், கோழி, கடைசியில் ஒரு கிடா வரைக்கும் போனது. இரண்டு வருடம் அதிலேயே கழிந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வர வழி தெரியாமல் வெள்ளிச்சந்தை ரோட்டில் நடந்துகொண்டிருந்தவரை ஒரு பால் வண்டிக்காரர் கூட்டி வந்துவிட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போனோம். 57 வயதில் போய்ச் சேர்ந்தார். கடைசி வருடங்களில் அம்மாவைப் பார்த்து, "யாரம்மா நீங்க, எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்பார். அம்மாவுக்கு அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

நான் கட்டிக்கொண்டது அத்தை மகனை, அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அப்பாவின் கூடப்பிறந்த தங்கைதான் எனக்கு மாமியார். சின்ன வயதிலிருந்து அத்தை என்று கூப்பிட்டவரைக் கல்யாணத்துக்குப் பிறகும் அத்தை என்றே கூப்பிடலாம் என்பதால் எனக்கு எதுவும் மாறவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், அத்தைக்கு 51 வயதில், ஒரு நாள் காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போய்விட்டார். பாலை ஏற்கனவே ஊற்றிவிட்டு வந்திருந்தார். அட்டையில் எழுதியும் இருந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த மூன்று பத்திரிகைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

இந்த முறை பூசாரிக்குப் பதில் நேராக டாக்டரிடம் கூட்டிப் போனேன். பி12, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். இந்த இடத்தில் ஒன்று: மறதி என்றதும் அல்சைமர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு குறைவு, மன அழுத்தம், தலையில் அடிபட்டு உள்ளே மெதுவாகக் கசிந்த ரத்தம் இவற்றாலும் மறதி வரும், இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். இந்த முதல் கட்டப் பரிசோதனைகளுக்காகப் பெங்களூர் போக வேண்டியதில்லை, தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அத்தைக்கு அதெல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்து, நரம்பியல் டாக்டரிடம் போனோம்.

அந்த டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் குடும்ப மரம் வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. அத்தையின் வட்டத்தைக் கறுப்பாக்கினார். அப்பாவின் கட்டத்தைக் கறுப்பாக்கினார். பாட்டியைப் பற்றிக் கேட்டார். பாட்டியும் ஐம்பது தாண்டியதும் 'புத்தி மாறி' செத்துப்போனவர்தான், அந்த வட்டமும் கறுப்பானது. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இவங்களுக்கு மருமகளா, அண்ணன் மகளா?" என்றார். "ரெண்டும்தான் சார்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தாளில் இரண்டு கறுப்பிலிருந்தும் கோடு இறங்கி, ஒன்று என்னிடமும் ஒன்று மாமாவிடமும் வந்து, நடுவில் சேர்ந்து எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரிடம் போய் நின்றது. மகளுக்கு 14, மகனுக்கு 9. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான். அல்சைமர் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது, நேரடியாகப் பரம்பரையாக இறங்குவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் இரண்டு தலைமுறையில் மூன்று பேருக்கு ஐம்பதையொட்டி வந்திருப்பதால் அந்த வகையாக இருக்கலாம். ஏ.பி.பி., பிரிசெனிலின் 1, பிரிசெனிலின் 2 என்று மூன்று மரபணுக்கள் இதற்குக் காரணம் என்று 1991க்கும் 1995க்கும் இடையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் ஒன்று பழுதாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. "மரபணு ஆலோசனை தரும் இடத்துக்குக் குடும்பத்தோடு போங்க, அவசரப்படாதீங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தக் 'குடும்பத்தோடு' என்ற வார்த்தையைத்தான் நான் காதில் வாங்கவில்லை. மாமாவிடம், "அத்தைக்கு வயசாகுது, அதான் மறதியாம்" என்று சொல்லிவிட்டேன். தாளை மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்தேன்.

அதற்கப்புறம் ராத்திரியெல்லாம் போனும் கையுமாக இருந்தேன். முதலில் ஒரு எச்சில் கிட் வாங்கினேன். குழாயில் துப்பி அனுப்பினால் எந்த நோய் வரும் என்று சொல்வார்களாம், 8,999 ரூபாய். அல்சைமர் பகுதியில் 'சராசரி ஆபத்து' என்று பச்சை நிறத்தில் வந்தது. அவர்கள் பார்த்தது ஏ.பி.ஓ.இ. என்ற வேறொரு மரபணு. வயதான காலத்தில் வரும் அல்சைமருக்கு அது வாய்ப்பைக் கூட்டும், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் சந்தேகப்படும் அந்த மூன்றை அவர்கள் தொடவே இல்லை. பச்சை நிறத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதற்கு ஒன்பதாயிரம். அதுவும் போதாமல், ஒரு ஸ்கேன் மையத்தின் 'நினைவாற்றல் பரிசோதனைப் பேக்கேஜ்' கண்ணில் பட்டது. அறிகுறி வருவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம் என்று போட்டிருந்தார்கள். எனக்கு வேண்டியது அதுதானே என்று பணம் கட்டிவிட்டேன்.

ஸ்கேன் அன்று நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், முன்னாடியே தெரிந்திருந்தால் எனக்குப் பாதி பயம் குறைந்திருக்கும். முதலில் எம்.ஆர்.ஐ. உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. "தாலியைக் கழட்டிடுங்க" என்றார் அந்தப் பெண். நம் பெண்கள் தாலிச் சரட்டில் ஊக்கு மாட்டி வைத்திருப்போமே, என்னுடையதில் நான்கு தொங்கின. கூட யாரும் வரவில்லையா, யார் கையில் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். யாரும் வரவில்லை. லாக்கரில் வைத்துச் சாவியை அவரிடமே கொடுத்தேன். பதினைந்து வருடத்தில் கழுத்து வெறுமையாக இருந்தது அன்றைக்குத்தான். உள்ளே படுத்ததும் போர்வெல் போடுவது போலச் சத்தம். அத்தை எம்.ஆர்.ஐ. எடுத்த அன்று வெளியே வந்து, "பாறை உடைக்கிறாங்க கண்ணு" என்று சொன்னதை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது, ஆடாதீர்கள் என்று மைக்கில் திட்டினார்கள்.

அடுத்தது பெட் ஸ்கேன். ராத்திரியிலிருந்து சாப்பிடக் கூடாது, தண்ணீர் மட்டும். சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டுத்தான் ஊசி போடுவார்கள். கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸ் அது. மூளையில் எந்த இடம் நன்றாக வேலை செய்கிறதோ அந்த இடம் குளுக்கோஸை அதிகமாக இழுக்கும், படத்தில் பளிச்சென்று தெரியும். மந்தமான இடம் மங்கலாகத் தெரியும். இந்த மருந்து 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே போகுமாம், அதனால் கடையில் வாங்கி அடுக்கி வைக்க முடியாது. தயாரிக்கும் இடத்திலிருந்து அன்றன்றைக்குக் காரில் வருகிறது. அன்று கார் டிராபிக்கில் மாட்டியதால் ஒன்பது மணி ஊசி பதினொன்றரைக்குப் போட்டார்கள். பட்டினியில் தலை சுற்றியது. நீங்கள் போனால், மாலையில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், துணைக்கு ஒரு ஆளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஊசி போட்டதும் ஒரு இருட்டறையில் அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். பேசக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, படிக்கவும் கூடாது. ஒன்றையும் யோசிக்காதீர்கள் என்றார்கள். அந்த அரை மணி நேரத்தில் நான் யோசித்த அளவுக்கு வாழ்க்கையில் யோசித்ததில்லை.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது, "சின்னக் குழந்தைங்க, கர்ப்பிணிங்க பக்கத்துல கொஞ்ச நேரம் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் ஒருவர். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு? கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகன் வழக்கம்போல மடியில் படுக்க வந்தான். தலைவலி என்று சொல்லித் தள்ளிவிட்டேன். ராத்திரி முழுக்கத் தனியாகப் படுத்தேன். அம்மாவுக்குத் தன் மேல் என்ன கோபம் என்று அவன் அப்பாவிடம் கேட்டானாம். உண்மையில், ஆறு மணி நேரத்தில் அந்த மருந்து பத்தில் ஒரு பங்காகிவிடும், தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுநீரிலும் போய்விடும். நான் வீடு வந்து சேர்ந்ததே ஊசி போட்டு எட்டு மணி நேரம் கழித்து. எத்தனை மணி நேரம் என்று அங்கேயே கேட்டிருந்தால் பிள்ளையைத் தள்ளியிருக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் போனில் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் இயல்பு. கம்பெனி பஸ்ஸில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அழுதேன். அன்று வாங்கி வந்த மைசூர்பாகுக்கு வீட்டில் காரணம் கேட்டார்கள், டிரெயினிங்கில் பாஸ் என்றேன்.

தை முடிந்து அத்தையை மறுபடி காட்டப் போனபோது, மனசு கேட்காமல் அந்த டாக்டரிடம் என் ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் திட்டவில்லை. "உங்களுக்கு இப்ப எந்தத் தொந்தரவும் இல்லைன்னு உங்களுக்கே தெரியுமேம்மா, அதைத்தான் இதுவும் சொல்லுது" என்றார். எனக்குப் புரிய வைக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை, ஏனென்றால் என் வேலையே அளவெடுப்பதுதான். ஒரு பாகத்தின் துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதற்கென்று ஒரு கேஜ் இருக்கும். வேறு அளவுள்ள கேஜை விட்டுப் பார்த்துவிட்டு 'ஓகே' முத்திரை குத்தினால் அது பரிசோதனையே இல்லை. என் மூளைக்கு நான் குத்திக்கொண்டது அந்த முத்திரைதான்.

அவர் விளக்கியதையும் பிறகு ஆலோசனைக்குப் போன இடத்தில் கேட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த நோய் மறதியில் தொடங்குவதில்லை. அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படியத் தொடங்கி, பல வருடம் கழித்துத்தான் மறதி வெளியே தெரிகிறது. எத்தனை வருடம் என்று அறிய, பரம்பரை அல்சைமர் குடும்பங்களை மட்டும் சேர்த்து 2008ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து 'டயன்' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். பெற்றோருக்கு எந்த வயதில் நோய் தொடங்கியதோ அதை வைத்து, பிள்ளைகள் அந்த வயதுக்கு எத்தனை வருடம் முன்னால் நிற்கிறார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 128 பேரைப் பரிசோதித்து 2012ல் வெளியிட்ட முடிவு இது: முதுகுத்தண்டு நீரில் அமிலாய்டின் அளவு மாறத் தொடங்குவது சுமார் 25 வருடம் முன்னால். மூளையில் அமிலாய்டு படிவது அதற்கான பெட் ஸ்கேனில் தெரிவதும், மூளை சுருங்கத் தொடங்குவதும் சுமார் 15 வருடம் முன்னால். குளுக்கோஸ் பயன்பாடு குறைவது சுமார் 10 வருடம் முன்னால்.

இப்போது என் கணக்கைப் பாருங்கள். அப்பாவுக்கு 48ல் தொடங்கியது, எனக்கு 37. பதினொரு வருடம் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்னால் மாறத் தொடங்கும் ஒன்றை, பதினொரு வருடத்துக்கு முன்னால் போய் அளந்திருக்கிறேன். பழுதான மரபணு எனக்கு இருந்தாலும் அந்தப் படம் நார்மலாகவே வந்திருக்கலாம். எம்.ஆர்.ஐ. சுருக்கத்தைக் காட்டியிருக்க வேண்டாமா என்று கேட்டேன். அந்தப் பதினைந்து வருடக் கணக்கு, பல பேரின் அளவுகளைக் கூட்டிச் சராசரி பார்த்தபோது தெரிந்தது. ஒரே ஒரு ஆளின் ஒரே ஒரு படத்தைக் கண்ணால் பார்த்து அவ்வளவு சின்ன மாற்றத்தைச் சொல்ல முடியாது என்றார்.

சரி, அமிலாய்டையே காட்டும் பெட் ஸ்கேனை எடுத்துவிடலாமே? நானும் அதைத்தான் கேட்டேன். அந்த ஸ்கேனுக்கான முதல் மருந்தை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் உருவாக்கி 2004ல் வெளியிட்டார்கள், அதற்குப் பிட்ஸ்பர்க் காம்பவுண்ட் பி என்றே பெயர். அது இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால் தயாரிக்கும் கட்டடத்திலேயே ஸ்கேன் எடுத்தாக வேண்டும். பிறகு, என் குளுக்கோஸ் மருந்தைப் போலக் காரில் கொண்டுபோகத் தாங்கும் மருந்துகள் வந்தன. ஆனாலும் 2013ல் நிபுணர் குழு வெளியிட்ட வழிகாட்டி, எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு, குடும்பத்தில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் இதை எடுக்கச் சொல்லவில்லை. காரணம் எளிது. படிவு இல்லை என்று வந்தால் இன்னும் தொடங்கவில்லை என்றும் அர்த்தம் இருக்கலாம். படிவு இருக்கிறது என்று வந்தால், அதை வைத்து நாளைக்குச் செய்யப் போவது என்ன? ஆராய்ச்சியில் இந்த ஸ்கேனுக்குப் பெரிய வேலை இருக்கிறது. யாருக்கு மரபணு இருக்கிறது என்று தெரிந்த பிறகு, நோய் எங்கே வரைக்கும் வந்திருக்கிறது என்று அளக்கவும், மருந்து கொடுத்தால் படிவு குறைகிறதா என்று பார்க்கவும் அதுதான் அளவுகோல். ஆனால் எனக்கு இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் ரத்தத்தில் இருக்கிறது.

படிவு இருந்தாலே விதி எழுதியாயிற்று என்று சொல்லிவிடவும் முடியாது என்பதற்கு ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் ஆன்டியோகியா என்ற மலைப் பகுதியில், பிரிசெனிலின் 1 பழுதால் நாற்பதுகளிலேயே நோய் வரும் மிகப் பெரிய சொந்தக் கூட்டம் இருக்கிறது. அங்கேயும் ஊர்க்காரர்கள் அதற்கு 'மண்டுத்தனம்' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்திருந்தார்களாம். நம் ஊரில் 'புத்தி மாறாட்டம்' என்கிற மாதிரி. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்மணிக்கு மூளை முழுக்க அமிலாய்டு இருந்தும் எழுபது வயது வரைக்கும் மறதி வரவில்லை. வேறொரு மரபணுவில் இருந்த அபூர்வமான மாற்றம் அவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று 2019ல் எழுதினார்கள். கோடியில் ஒருவருக்கு நடப்பதை நம்பி உட்கார முடியாதுதான். ஆனாலும் எனக்கு இது பிடித்த கதை, அதனால் சொல்கிறேன்.

இனி நான் செய்த பெரிய தவறு. இப்படிப்பட்ட குடும்பத்தில் முதலில் பரிசோதிக்க வேண்டியது நோய் வந்தவரைத்தான், ஆரோக்கியமாக இருப்பவரை அல்ல. அத்தையின் ரத்தத்தில் எந்த மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், பிறகு மற்றவர்களுக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும், செலவும் குறைவு, பதிலும் தெளிவு. அப்படி இல்லாமல் நேராக என் ரத்தத்தைக் கொடுத்து ஒன்றும் இல்லை என்று வந்திருந்தால், எனக்குத்தான் இல்லையா, அல்லது எங்கள் குடும்பத்துப் பழுது அந்தப் பரிசோதனைக்கே அகப்படாத ஒன்றா என்று சொல்ல முடியாது. அப்பா போய்விட்டார், அவர் ரத்தம் இல்லை. மிச்சம் இருப்பது அத்தை மட்டும். அந்த அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நான் கிட்டுக்கும் ஸ்கேனுக்கும் நாற்பதாயிரம் ரூபாயைக் கொட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டில் நோயாளி உயிரோடு இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். உடனே பரிசோதிக்கப் பணம் இல்லையென்றால், ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துச் சேமித்து வைக்க வழி உண்டா என்றாவது கேளுங்கள்.

அத்தை ரத்தம் கொடுக்க வேண்டும் என்றால் அவர் மகனிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். அரிசி டப்பாவிலிருந்து தாளை எடுத்து மாமா முன்னால் வைத்தேன். கட்டத்தையும் வட்டத்தையும் ரொம்ப நேரம் பார்த்தார். நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தனியாவா போயிட்டு வந்தே?" என்றுதான் கேட்டார். அதற்கப்புறம் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவரே பெங்களூருக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்டுப் போன் செய்தார்.

ஆலோசகர் ஒரு இளம் பெண், தமிழ் பேசினார். அத்தையிடம், "உங்க ரத்தத்தை எடுத்துப் பார்க்கலாமாம்மா?" என்று கேட்டார். "எதுக்கு?" "உங்க பிள்ளைங்களுக்கு இந்த மறதி வருமான்னு தெரிஞ்சுக்க." "பசங்களுக்குன்னா எடுத்துக்கோங்க." படிவம் நிரப்புவதற்குள் அத்தை மறந்துவிட்டார். மறுபடி எதுக்கு என்றார், மறுபடி விளக்கினார்கள், மறுபடி அதே பதில். ஊசி குத்தும் நேரத்தில் மூன்றாம் முறை. மூன்று முறையும் புதிதாகக் கேட்டு மூன்று முறையும் அதே வார்த்தையில் சம்மதம் சொன்னார். மாமா வெளியே போய்விட்டார். சம்மதம் சொல்லும் நிலையில் நோயாளி இருக்கும்போதே இதைச் செய்துவிடுவதில் இப்படியும் ஒரு நல்லது இருக்கிறது.

பரிசோதனைக்கு 24,000 ரூபாய், ஆறு வாரம். பிரிசெனிலின் 1ல் மாற்றம், நோய்க்குக் காரணமானது என்று தெளிவாக வந்தது. எல்லோருக்கும் இப்படித் தெளிவாக வராது, 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்றும் ரிப்போர்ட் வரலாம். அப்படி வந்தால் அதை 'இருக்கிறது' என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, 'இல்லை' என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்களில் மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்க்க ஆளுக்கு 6,500 ரூபாய் என்றார்கள். நான் வீணாக்கிய பணத்தில் அத்தைக்கும் எனக்கும் மாமாவுக்கும் பார்த்திருந்தாலும் மிச்சம் வந்திருக்கும்.

சொந்தத்தில் கட்டியதால்தான் இந்த நோய் என்று விஷயம் தெரிந்த ஓரிரண்டு பேர் பேசினார்கள். அது தவறு. ஒரு பக்கத்திலிருந்து ஒரு பழுது வந்தாலே போதும் என்பதால் சொந்தத்துக்கு வெளியே கட்டியிருந்தாலும் என் வாய்ப்பு அதே பாதிதான், மாமாவுக்கும் அப்படித்தான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் வாசல் திறந்திருக்கிறது என்பது உண்மை. பிள்ளைகளுக்கு இப்போது பரிசோதிக்கலாமா என்று கேட்டேன். 18 வயதுக்கு முன்னால் செய்ய மாட்டோம், அது அவர்கள் முடிவு, நீங்கள் அவர்களுக்காக எடுக்கக் கூடாது என்று ஆலோசகர் உறுதியாகச் சொல்லிவிட்டார். கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி.

இன்சூரன்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆயுள் காப்பீடோ மருத்துவக் காப்பீடோ எடுக்கிற யோசனை இருந்தால், உங்கள் மரபணுப் பரிசோதனைக்கு முன்னாலேயே அதை முடித்துவிடுங்கள். குடும்பத்தில் என்ன நோய் என்று படிவத்தில் கேட்டால் உண்மையை எழுதுங்கள். எங்களுக்கு வந்த ஏஜென்ட், "இல்லைன்னு போட்டுடுங்க மேடம், யாரு பார்க்கப் போறாங்க" என்றார். நாளைக்குப் பணம் கேட்கும்போதுதான் அவர்கள் பார்ப்பார்கள். நான் அப்பாவின் நோயை எழுதினேன், பிரீமியம் கொஞ்சம் ஏறியது, கட்டுகிறேன்.

நோயாளியைப் பார்த்துக்கொள்வது பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிக் கதை. ஒன்று மட்டும்: 14567 என்று முதியோருக்கான அரசு உதவி எண் இருக்கிறது, 14416 டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். இரண்டாவது எண்ணுக்கு நான் ஒரு ராத்திரி பேசியிருக்கிறேன். அந்தத் தாளை அரிசி டப்பாவில் வைத்திருந்த நாட்களிலேயே பேசியிருக்கலாம்.

இப்போது நாங்கள் இருக்கும் நிலை. எனக்குத் தெரிய வேண்டும், மாமாவுக்குத் தெரிய வேண்டாம். இரண்டுக்கும் உரிமை உண்டு என்றார் ஆலோசகர், அந்த டயன் ஆய்வில்கூடத் தனக்கு மரபணு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமலே கலந்துகொள்பவர்கள் நிறையப் பேராம். ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் சில அமர்வுகள் வர வேண்டும். 'இருக்கிறது' என்று வந்தால் மறுநாள் காலை என்ன செய்வீர்கள், 'இல்லை' என்று வந்தால் மாமாவின் முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டார். இரண்டாவது கேள்வியை நான் யோசித்ததே இல்லை. முதல் அமர்வு முடிந்து வீட்டுக்கு வந்து அதை மாமாவிடம் சொன்னேன். "உனக்கு இல்லைன்னு வந்தா எங்கிட்டச் சொல்லு, இருக்குன்னு வந்தாலும் சொல்லு, எனக்குப் பார்க்கணும்னு மட்டும் சொல்லாதே" என்றார்.

அடுத்த அமர்வு வரும் மாதம் இரண்டாம் சனிக்கிழமை. கம்பெனியில் விடுப்புக்கு ஆஸ்பத்திரி என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். மாமாவும் வருகிறேன் என்கிறார். உள்ளே வரமாட்டாராம், வெளியே பெஞ்சில் அத்தையோடு உட்கார்ந்திருப்பாராம். சரி என்று சொல்லியிருக்கிறேன்.